ஏழாம் நிஜாமும் கடல் கடந்த போரும்

(வாழ்க்கை வரலாறு)

ஹைதராபாத் நகரில் பயிலும் மாணவர்க்கு மீர் உஸ்மான் அலி கான் என்னும் பெயர் புதியதன்று. உஸ்மானியாப் பல்கலைக்கழகமும் உஸ்மானியா மருத்துவமனையும் உஸ்மான் சாகர் நீர்த்தேக்கமும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. அவரது ஆட்சிக்காலத்தில் ஹைதராபாத் குதிரைப்படை வீரர்கள் கடல் கடந்து எகிப்துக்கும் பாலஸ்தீனத்துக்கும் சென்று துருக்கியரை எதிர்த்து நின்றனர் என்பதைப் பலர் அறியார். ஹைதராபாத்துக்கும் துருக்கிக்கும் எல்லைத் தகராறு இல்லை, பழம்பகையும் இல்லை. பின் எதற்காக அவ்வீரர்கள் சென்றனர்? இவ்வினாவுக்கு விடை தேடும் வழியை அம்மன்னரின் வாழ்க்கையே நமக்குக் காட்டுகிறது.

இளமையும் ஆட்சியும்

மீர் உஸ்மான் அலி கான் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பிறந்தார். ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கான் அவருடைய தந்தையார். 1911 ஆகஸ்டில் தந்தையார் மறையவே, தம் இருபத்தைந்தாம் வயதில் அரியணை ஏறினார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1908இல், மூசி ஆற்று வெள்ளம் நகரைச் சூறையாடியிருந்தது. பொறியாளர் விசுவேசுவரய்யா வகுத்தளித்த திட்டத்தின் வழியே உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் இவரது ஆட்சியில் எழுந்தன. உருது மொழியில் உயர்கல்வி அளிக்கும் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் 1918இல் தோன்றியது. 1914 முதல் 1919 வரை முதலமைச்சர் எவரையும் அமர்த்தாமல் நிர்வாகத்தைத் தாமே நடத்தினார். அந்த ஐந்தாண்டுகளில்தான் முதல் உலகப்போரும் நிகழ்ந்தது.

போர் வந்த விதம்

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியது. இந்தியர்களின் கருத்தைக் கேளாமலே இந்தியாவும் அதில் ஈடுபடுத்தப்பட்டது. அவ்வாண்டின் பிற்பகுதியில் துருக்கி, ஜெர்மனியின் பக்கம் சேர்ந்தது. துருக்கி சுல்தான் கலீபாவாகவும் விளங்கியவர். இந்திய முஸ்லிம்களுள் பலர் அவரைப் பெரிதும் மதித்தனர். அவர் பெயரால் பிரிட்டனுக்கு எதிராகப் புனிதப்போர் அழைப்பு விடுக்கப்பட்டது. இந்திய முஸ்லிம்கள் அதற்குச் செவிசாய்ப்பார்களோ என்று பிரிட்டிஷ் அரசு அஞ்சியது. அந்நிலையில், முஸ்லிம்கள் பிரிட்டிஷ் அரசுக்கு உறுதுணையாக நிற்க வேண்டும் என்று நிஜாம் அறிக்கை வெளியிட்டார். ஹைதராபாத் ஈட்டிக் குதிரைப்படை எகிப்துக்குக் கப்பலேறி, மைசூர், ஜோத்பூர் படைகளோடு ஒரே அணியில் சேர்ந்து பணியாற்றியது.

சான்றுகள் சொல்வன

நிஜாம் போரில் சேர்ந்ததன் காரணத்தை அறிய அவரது அறிக்கை ஒன்றே போதும் என்று எண்ணுவது எளிது. ஆனால் அறிக்கை ஊரறியச் சொல்லப்படுவது. பிறர் எதை நம்ப வேண்டும் என்று மன்னர் விரும்பினார் என்பதை அது தெளிவாகக் காட்டும். அவர் மனத்தில் இருந்தது அனைத்தையும் காட்டாது. ஆகவே பிற சான்றுகளையும் அதனருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பழைய உடன்படிக்கைகள். 1798ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி ஹைதராபாத் தன் படையிலிருந்த பிரெஞ்சுக்காரரை நீக்கிக் கம்பெனியின் படையை ஏற்றது. 1800ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பிற அரசுகளுடன் தன் விருப்பப்படி உறவு கொள்ளும் உரிமையை இழந்தது. எனவே 1914இல் நடுநிலை வகிக்கும் வாய்ப்பு நிஜாமுக்கு இருக்கவில்லை. எனினும், வேறு வழியின்றிச் சேர்ந்தவர் இத்துணைத் தாராளமாக வழங்கியது ஏன் என்பதை உடன்படிக்கை விளக்காது.

இரண்டாவது, கணக்கு. ஹைதராபாத் ஈட்டிக் குதிரைப்படைக்கும் பிரான்சில் போரிட்ட 20ஆம் தக்காணக் குதிரைப்படைக்கும் ஆகும் செலவுக்கென ஏறத்தாழ 60 இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. பிரிட்டிஷ் வான்படையின் 110ஆம் அணிக்குரிய வானூர்திகளும் நிஜாமின் கொடையே. அவ்வணி ஹைதராபாத் அணி என்றே பெயர் பெற்றது. கொடையின் அளவை இக்கணக்கு காட்டுகிறது. அரசின் வருவாயில் பெரும்பகுதி தெலுங்கு, மராத்தி, கன்னடம் பேசிய உழவர்கள் செலுத்திய நிலவரி. பொதுமக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் அந்நாளில் இல்லாமையால், அவர்களிடம் எவரும் இசைவு கேட்கவில்லை.

மூன்றாவது, பேரார் பற்றிய ஆவணங்கள். வளமிக்க அப்பகுதி 1853இல் பிரிட்டிஷாரின் பொறுப்பில் விடப்பட்டது. 1902இல் ஆண்டுக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு நிரந்தரக் குத்தகையாக மாறியது. போர் முடிந்தபின், 1923இல், அதைத் திருப்பித் தருமாறு நிஜாம் வைசிராய் ரீடிங்குக்கு எழுதினார். 1926இல் வந்த மறுமொழி, பிரிட்டிஷ் முடியே மேலானது என்று கூறி அக்கோரிக்கையை மறுத்தது. பேராரை மீட்பதற்காகவே நிஜாம் போருக்கு உதவினார் என்று இதைக்கொண்டு முடிவுகட்டலாமா? கூடாது. 1923இல் எழுதிய கடிதம் 1923இன் எண்ணத்துக்கே சான்று. 1914இலும் அவ்வெண்ணம் இருந்ததெனக் கூற 1914இன் ஆவணம் வேண்டும். 1918இல் நிஜாமுக்குக் கிடைத்த உயர்பட்டங்களுக்கும் இது பொருந்தும். பின்னர்க் கிடைத்த பரிசு, முன்னரே எதிர்பார்க்கப்பட்டது என்பதற்குச் சான்றாகாது.

நான்காவது, நிஜாமின் பிற்காலச் செயல்கள். 1924இல் துருக்கியக் குடியரசு கலீபா பதவியை ஒழித்து, கடைசிக் கலீபா இரண்டாம் அப்துல் மஜீதை நாடுகடத்தியது. அவருக்கு மாதந்தோறும் 300 பவுண்டு உதவித்தொகை அளித்தவர் நிஜாமே. 1931இல் அக்கலீபாவின் மகள் துருஷேவர், நிஜாமின் மூத்த மகனை மணந்து ஹைதராபாத்துக்கு வந்தார். துருக்கி அரச மரபின்மீது நிஜாம் தீராப்பகை கொண்டிருந்தார் என்ற விளக்கம் இதன்முன் நில்லாது.

இச்சான்றுகளை ஒருசேர நோக்கினால் ஒற்றைக் காரணம் கிடைப்பதில்லை. உடன்படிக்கை கட்டாயத்தைக் காட்டுகிறது; அறிக்கை விசுவாசத்தைச் சொல்கிறது; கணக்கு ஊக்கத்தின் அளவைத் தெரிவிக்கிறது; கடிதம் போருக்குப் பின் இருந்த விருப்பத்தை வெளியிடுகிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு வினாவுக்கு விடை தருகிறது.

வீரர்களின் குரல்

மன்னருக்கு ஆவணங்கள் உண்டு. படைவீரர்க்கு அவை மிகக் குறைவு. பிரான்சுக்குச் சென்ற இந்திய வீரர்களின் கடிதங்களைத் தணிக்கை அலுவலர்கள் படித்துச் சில பகுதிகளை மொழிபெயர்த்து வைத்தனர். அவை இலண்டனில் உள்ளன. தம் கடிதம் பிறர் கண்ணில் படும் என்று அறிந்தவர் மனம் திறந்து எழுதத் தயங்குவார் என்பதையும் நினைவிற்கொண்டே அவற்றைப் படித்தல் வேண்டும். புதுதில்லியில் 1922இல் எழுப்பப்பட்ட தீன் மூர்த்தி நினைவுச்சின்னத்தின் மூன்று வெண்கல வீரர்கள் ஹைதராபாத், மைசூர், ஜோத்பூர் படைகளைக் குறிப்பவர்கள். அச்சின்னம் அவர்கள் சென்றதைச் சொல்கிறது. அவர்கள் ஏன் சென்றனர் என்பதைச் சொல்லவில்லை.

இறுதிக் காலம்

1948 செப்டம்பரில் இந்தியப் படை நடவடிக்கைக்குப் பின் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்தது. 1950 முதல் 1956 வரை நிஜாம் அம்மாநிலத்தின் ராஜப்பிரமுகராக இருந்தார். 1965ஆம் ஆண்டுப் போரின்போது அவர் 5,000 கிலோ தங்கத்தை நாட்டுக்கு நன்கொடையாக அளித்தார் என்னும் கதை இன்றும் வழங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்க் கேட்டபோது கிடைத்த விடை வேறு: அவர் 425 கிலோ தங்கத்தை 6.5 விழுக்காடு வட்டி தரும் பாதுகாப்புத் தங்கப் பத்திரத்தில் முதலீடு செய்திருந்தார். நெருக்கடிக் காலத்தில் அதுவும் நாட்டுக்குப் பயன்பட்ட செயலே. ஆயினும் முதலீடு வேறு, நன்கொடை வேறு.

1967 பிப்ரவரி 24ஆம் நாள் அவர் மறைந்தார். அவரைப் போற்றுவோரும் குறைகூறுவோரும் இன்றும் உளர். இரு சாராரும் சான்றின் முன் சமமே.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
உடன்படிக்கை – ஒப்பந்தம்
தணிக்கை – வெளியிடத் தகுந்ததா என ஆராய்தல்
மறுமொழி – பதில்

பயிற்சி

1. 1914இல் ஹைதராபாத் நடுநிலை வகிக்க இயலாமைக்குக் காரணம் யாது?
2. 1923ஆம் ஆண்டுக் கடிதத்தை 1914ஆம் ஆண்டு நோக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. ஏன்?
3. அறிக்கை, கணக்கு, கடிதம், நினைவுச்சின்னம்: இவை ஒவ்வொன்றும் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? அட்டவணையிடுக.
4. பிரித்தெழுதுக: பழம்பகை, கப்பலேறி, நிலவரி.
5. காஞ்சன்பாக்கில் உங்கள் குடும்பத்தாரோ அண்டை வீட்டாரோ கூறும் பழஞ்செய்தி ஒன்றைக் கேட்டெழுதுக. அதை உறுதிசெய்ய எவ்வகை ஆவணம் தேவை எனக் குறிப்பிடுக. தார்நாகாவில் உள்ள மாநில ஆவணக் காப்பகத்தில் அது கிடைக்குமா என ஆசிரியருடன் கலந்துரையாடுக.