இதயநோயாளரை எழுந்து நடக்கச் செய்த பேராசான்

மாரடைப்புற்றவர்க்கும் இதயத்திற் சத்திர சிகிச்சை பெற்றவர்க்கும் அசையாது கிடத்தலே உயிர்க்காவல் என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்றும் வேரூன்றி நிற்கின்றது. அவர் முற்றத்தில் இறங்கி உலாவுதலையும் நாம் அச்சத்தோடு நோக்குகின்றோம். அன்பினால் விளையும் இக்காவல், பிழைத்தெழுந்த ஒருவரை வாழ்நாள் முழுவதும் நோயாளராகவே வைத்துவிடுதலும் உண்டு. இவ்வச்சத்தை நீக்குதற்குத் தம் நெடிய வாழ்நாளைச் செலவிட்டவருள் ஒருவர், அமெரிக்க நாட்டு வைத்தியப் பேராசான் போல் டட்லி வைற். அவர்தம் வரலாற்றை மாணவரும் ஆசிரியரும் அறிதல் நன்றெனக் கருதி ஈண்டுச் சுருக்கி வரையப் புகுகின்றேன்.

வைற் 1886ஆம் ஆண்டு யூன் மாதம் 6ஆந் திகதி மசாசூசெற்ஸ் மாநிலத்தில், பொஸ்ரன் நகரை அடுத்த றொக்ஸ்பரியிற் பிறந்தார். தந்தையார் ஒரு குடும்ப வைத்தியர். தங்கை ஒருத்தி வாதக் காய்ச்சலின் வழிவந்த இதயநோயால் இளமையிலேயே மாண்டாள். அக்காய்ச்சல் சிறார்க்கு வருவது. மூட்டுக்களை வருத்திப் பின்னர் இதய வால்வுகளைத் தழும்பாக்கிச் சுருக்கும் இயல்பினது. அக்காலத்தில் அதற்கு மருந்துமில்லை. வால்வைச் செப்பஞ் செய்யும் வழியுமில்லை. ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்று 1911இல் வைத்தியப் பட்டம் பெற்ற வைற், மசாசூசெற்ஸ் பொது வைத்தியசாலையிற் பணியேற்றார். 1913இல் இலண்டனுக்குச் சென்று, இதய மின்வரைபுக் கலையில் தலைசிறந்த தோமஸ் லூயிஸ் என்பாரிடம் மாணாக்கராயினார். மறு ஆண்டு மீண்டு, அக்கலையைத் தம் வைத்தியசாலையில் நிலைபெறச் செய்தார்.

ஆசானாகிய லூயிஸ் செய்த பணியொன்றை இங்குக் கூறாது விடுதல் முறையன்று. முதலாம் உலகப் போரின்போது மூச்சுத் திணறலும் நெஞ்சுப் படபடப்பும் உடையராய்ப் போர்முனையினின்று திருப்பப்பட்ட வீரர் பல்லாயிரவர். அவரை இதயநோயாளரெனப் படுக்கையிற் கிடத்துவதே வழக்கமாயிருந்தது. லூயிஸ் அவர்க்குப் படிப்படியாகக் கூட்டப்பெறும் தேகாப்பியாசத்தை வகுத்தார். எளிய பயிற்சியைத் தாங்கியவர்க்கு அடுத்ததனைக் கொடுத்து, அதன்வழியே எவர் நலமுடையர், எவர் நோயுடையர் எனப் பகுத்துணர்ந்தார். பயிற்சி மருந்தாகவும் அளவுகோலாகவும் ஒருங்கே நின்றது.

இக்கருத்து முற்றிலும் புதியதென்று கூறவியலாது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில வைத்தியர் வில்லியம் ஹெபெர்டன், நாடோறும் அரைமணி நேரம் மரம் அறுத்துவந்த நெஞ்சுநோயாளர் ஒருவர் ஏறக்குறையக் குணமடைந்தமையைக் குறித்து வைத்துள்ளார். 1854இல் டப்ளின் நகரத்து வில்லியம் ஸ்ரோக்ஸ், இதயம் மெலிந்தோர் சிறிது சிறிதாக நடந்து பழகுதல் நன்றென எழுதினார். ஆயினும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மாரடைப்பின் இயல்பு தெளிவாக அறியப்பட்டபின், அச்சம் மேலோங்கியது. நோயாளர் ஆறு வாரம், எட்டு வாரம் மல்லாந்து கிடந்தனர். தாமே உணவு உண்ணவும் அவர்க்கு இசைவு கிட்டாத இடங்கள் இருந்தன.

இவ்வோய்வுக்கு ஆதாரம் தேடித் தந்தவருள் வைற்றும் ஒருவர் என்பது கருதத்தக்கது. 1939இல் அவரும் வேறிருவரும் வெளியிட்ட ஆய்வு, இறந்தோரின் இதயங்களை நுணுகி ஆராய்ந்து, சிறு காயம் ஆறுதற்குச் சில வாரங்கள் வேண்டும் என்றும், பெருங்காயம் ஆற இரண்டு மாதம் செல்லும் என்றும் காட்டியது. பிறர் இதனை முடிவற்ற ஓய்வுக்குச் சான்றாகக் கொண்டனர். வைற்றோ, ஆறுதற்கு ஒரு கால எல்லை உண்டெனின் ஓய்வுக்கும் ஓர் எல்லை உண்டன்றோ எனக் கொண்டார். காயம் ஆறியபின்னும் கிடப்பவனுக்குக் கிடத்தலே நோயாகின்றது. கெண்டைக்காற் தசைகள் சுருங்கும்போது, கீழ்நின்ற குருதியை நாளங்களின் வழியே மேலே தள்ளி இதயத்துக்கு உதவுகின்றன. கால்கள் அசையாதவிடத்துக் குருதி தேங்கி உறையும். உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்று உயிரையும் போக்கும். 1952இல் அதே பொஸ்ரன் நகரத்துச் சாமுவேல் லெவினும் பேர்னாட் லவுனும் மாரடைப்புற்றோரைப் படுக்கையினின்று எடுத்து நாற்காலியில் அமர்த்தித் தீங்கின்மை காட்டினர்.

இக்கொள்கை உலகறியச் சோதிக்கப்படும் நாள் 1955இல் வந்தது. அவ்வாண்டு செப்ரெம்பர் 24ஆந் திகதி, அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாரடைப்புற்றார். 26ஆந் திகதி நியூயோர்க் பங்குச் சந்தை ஒரே நாளில் 6 வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. அழைக்கப்பட்டுச் சென்ற வைற், பத்திரிகையாளர் முன்னிலையில் மாரடைப்பு யாதென்பதையும் அதனின்று மீளும் வழியையும் பாமரர்க்கும் விளங்கக் கூறினார். பிறர் சொல்லக் கூசும் உடற்செய்திகளையும் மறைத்தாரல்லர். ஒக்ரோபரில் ஜனாதிபதி நாற்காலியில் அமர்ந்தார். பின்னர்ச் சில அடிகள் நடந்தார். நவம்பர் 11ஆந் திகதி வைத்தியசாலையை நீங்கினார். அடுத்த பெப்ரவரியிற் கோல்ஃப் ஆடுதலை மேற்கொண்டார். தீவிர வாழ்வு இன்னும் 5 முதல் 10 ஆண்டுகள் இயலும் என வைற்றும் பிறரும் அம்மாதத்தில் அறிவித்தனர். ஐசனோவர் மீண்டும் தெரிவாகி, 1961 சனவரி வரை பதவி வகித்தார்; 1969 மார்ச்சு வரை வாழ்ந்தார். இதயநோய் வந்தவனுக்கு வேலையும் விளையாட்டும் முடிந்தன என்ற எண்ணம் பல நாடுகளிலும் தளர்வுற்றது.

மாரடைப்பிற் பெற்ற இவ்வறிவு வால்வு நோயாளர்க்கும் பின்னர்ப் பயன்பட்டது. 1923இல் பொஸ்ரனில் எலியற் கட்லர் என்பார், இருகூர் வால்வு சுருங்கிய 12 வயதுச் சிறுமிக்குச் சத்திர சிகிச்சை செய்தார். அவள் அதன்பின் நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தாள். எனினும் அடுத்து முயன்றவை தோல்வியுற்றமையால் அம்முயற்சி கைவிடப்பட்டது. 1948இல் பிலடெல்பியாவிலும் பொஸ்ரனிலும் மீண்டும் தொடங்கி வெற்றி கண்டனர். 1960இல் செயற்கை வால்வுகள் இதயத்தினுள்ளே பொருத்தப்பெற்றன. வைற்றின் தங்கையைக் கொண்டுபோன நோய்க்கு, அவர் முதுமையடையுமுன் வழி பிறந்தது. அங்ஙனம் வால்வு திருத்தப்பெற்றவர் எங்ஙனம் வலிமை பெறுவது என்ற வினாவுக்கும், அளவறிந்து நடத்தல் என்பதே விடையாயிற்று.

அவ்விடையின் பொருளை நான் ஏட்டில் மட்டும் அறிந்தேனல்லேன். என் ஐம்பத்து மூன்றாம் வயதில் எனக்கும் இருகூர் வால்வு சத்திர சிகிச்சையாற் செப்பஞ் செய்யப்பட்டது. சில நாட்களில் இயன்மருத்துவர் என்னைக் கைப்பிடித்து நடத்தினார். முதலில் வார்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. வீடு வந்தபின் ஐந்து நிமிடம். பின்னர்ப் பத்து நிமிடம். பிளந்து சேர்த்த நெஞ்செலும்பு இறுகும்வரை, ஏறக்குறைய மூன்று மாதம், பாரந் தூக்கலாகாது, கைகளாற் பலமாகத் தள்ளவோ இழுக்கவோ ஆகாது என்றார். நடக்கும்போது உடன்வருபவரோடு தடையின்றிப் பேச முடியுமாயின் அளவு சரி. சொல் திணறுமாயின் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். மயக்கமோ நெஞ்சுவலியோ தோன்றின் நின்றுவிடல் வேண்டும். வீட்டாரும் அயலாரும் என்னை இருத்தவே விரும்பினர். நாடியோசை காதிற் கேட்கும் இரவுகளில் எனக்கும் அச்சமிருந்தது. கால்கள் பழகப் பழக அச்சமும் குறைந்தது. வகுப்பறைக்கு மீண்டபோது நின்று பாடஞ் சொன்னேன்.

வைற் தாம் பிறர்க்குக் கூறியதைத் தாமே செய்தவர். நெடுந்தூரம் நடத்தலும் துவிச்சக்கர வண்டி ஓட்டலும் மின்னுயர்த்தியைத் தவிர்த்துப் படியேறலும் அவர்க்கு முதுமையிலும் நீங்கா வழக்கங்கள். பொஸ்ரனில் சாள்ஸ் ஆற்றங்கரையிலே துவிச்சக்கர வண்டிப் பாதை ஒன்று அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. 1924இல் அமெரிக்க இதயச் சங்கத்தைத் தோற்றுவித்த அறுவருள் அவர் ஒருவர். 1931இல் இதயநோய் பற்றிய பெருநூல் வெளியிட்டார். இதய மின்னோட்டக் கோளாறு ஒன்று அவர் பெயரையும் வேறிருவர் பெயரையும் சேர்த்து வழங்குகின்றது. 1973 ஒக்ரோபர் 31ஆந் திகதி, 87ஆம் வயதில், தாம் பணியாற்றிய பொஸ்ரன் நகரிலேயே காலமானார்.

மருத்துவத்தின் உறுப்புக்களை நான்கெனத் தொகுத்த வள்ளுவர், வைத்தியனுக்கும் மருந்துக்கும் உடனிருந்து உதவுவோனுக்கும் முன்னே நோயுற்றவனை வைத்தார். நோயாளனும் சிகிச்சையில் ஓர் உறுப்பு என்னும் இவ்வுண்மையையே வைற் தம் தொழிலில் நாட்டினார். வைத்தியர் இதயத்தைத் திருத்தலாம். அத்திருத்திய இதயத்தோடு அளவறிந்து எழுந்து நடத்தல் நோயாளனின் கடமையாகும். அவனை இருத்தி வைக்க விரும்பும் சுற்றத்தார், அவன் அருகே மெல்ல நடந்து செல்வாராயின், அதனினும் பெரிய உதவி வேறில்லை.