திண்டிவனத்தில் பிறந்த முடிவு

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை அறியாத குடும்பம் நம் மாவட்டத்தில் இருக்காது. செஞ்சி, மயிலம், மரக்காணம் என எந்தப் பக்கத்து ஊரானாலும், கடைசி நம்பிக்கையாக நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் இடம் அது. ஆனால் அதற்கான முடிவு எடுக்கப்பட்ட ஊர் நம் திண்டிவனம் என்பது பலருக்குத் தெரியாது. அந்த முடிவை எடுத்தவர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

ஐடா 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி, முதலில் இலங்கையிலும் பிறகு சென்னையிலும் பணி செய்த மருத்துவர். 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன் அவருடைய பிள்ளைகளின் உழைப்பில் உருவானது. அந்த மிஷனின் கிராமச் சபைகளில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சேரி மக்களே. இன்றும் திண்டிவனத்தில் நடக்கும் வால்டர் ஸ்கடர் பள்ளி அந்தக் குடும்பத்தின் பெயரைத்தான் சுமந்து நிற்கிறது.

தாது வருடப் பஞ்சத்தின்போது ஐடா சிறுமி. பசியில் துவண்ட பிள்ளைகளைக் கண்ணெதிரே பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் படித்து வளர்ந்த அவருக்கு, மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்ற எண்ணம் ஊறியிருந்தது. 1890இல் திண்டிவனத்தில் இருந்த தாயாருக்கு உடல்நிலை கெட்டதால், கொஞ்ச காலம் துணையாக இருந்துவிட்டுத் திரும்பலாம் என்றுதான் இங்கே வந்தார்.

ஒரு நாள் இரவு அவர் வீட்டுக்கு ஒருவர் பின் ஒருவராக மூன்று ஆண்கள் வந்தார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், இன்னொருவர் வேறொரு மேல்சாதி இந்து. மூவரின் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். தான் வருவதாகச் சொன்னார். அந்நிய ஆண் தங்கள் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு அவர்கள் ஒப்பவில்லை. ஐடாவுக்கோ மருத்துவம் தெரியாது. விடிந்தபோது ஊரில் சாவுப் பறை கேட்டது. மூன்று பெண்களும் இறந்து போனார்கள்.

அந்தப் பறையை அடித்தவர்கள் யாராக இருந்திருப்பார்கள் என்று நம் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாதியும் ஆணாதிக்கமும் வகுத்த தொடாமைச் சட்டம் உயர்ந்த வீடு என்று சொல்லப்பட்ட இடத்திலும் உயிரைக் குடித்தது. அந்த வீட்டு ஆண்களாவது மருத்துவரைத் தேடி வந்தார்கள். சேரியில் பிரசவத்தில் செத்த பெண்களுக்காகத் தேடிப் போவதற்கு அன்று எந்தக் கதவு இருந்தது?

ஐடா முடிவெடுத்தார். அமெரிக்கா சென்று, கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்த முதல் அணியில் 1899இல் பட்டம் பெற்றார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். அதே ஆண்டில் தந்தை இறந்தார். திருமணம் செய்துகொள்ளாமல் வேலூரில் சிறு மருந்தகம் ஒன்றில் தொடங்கினார். 1902இல் அது 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஆனது. ஆஸ்பத்திரிக்கு வர முடியாத ஏழைகளைத் தேடி, குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளிகளும் அங்கே வந்தார்கள்.

1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது இதைத்தான். இரத்தம், சீழ், மலம் ஆகியவற்றைத் தொடும் வேலையைத் தீட்டு என்று ஒதுக்கி, ஒடுக்கப்பட்ட பெண்களின் தலையில் கட்டிய சமூகம் இது. அதே வேலை இங்கே படிப்பாகவும் சம்பளமாகவும் மரியாதையாகவும் மாறியது. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. முதல் அணியில் தேர்வெழுதிய 14 மாணவிகளும் தேறினார்கள். பின்னாளில் அரசு பட்டப்படிப்பைக் கட்டாயமாக்கியபோது பள்ளி மூடப்படும் நிலை வந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா, அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் நிதி திரட்டி அதைக் காப்பாற்றினார். 1946இல் பொறுப்பை விட்டு விலகினார். அவர் இடத்துக்கு இந்தியரான ஹில்டா லாசரஸ் வந்தார். 1960 மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானார்.

கிறிஸ்தவராக வாழ்வது என்றால் என்ன என்பதற்கு இந்த வாழ்க்கை ஒரு பதில். ஆனால் இன்னொன்றையும் நாம் சொல்லியாக வேண்டும். ஐடாவுக்குத் திரும்பிப் போக ஒரு நாடு இருந்தது. போகாமல் இருந்தது அவர் தியாகம். சபையில் சேர்ந்த சேரி மக்களுக்குத் திரும்பிப் போகவும் இடமில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, கிறிஸ்தவரான தலித்தைப் பட்டியல் சாதி அல்ல என்கிறது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் திறந்த கதவு இவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. மதம் மாறியவரைச் சட்டம் கைவிட்டது, சாதியோ கைவிடவில்லை. தனித்தெரு, தனிக் கல்லறை என்று சபைக்குள்ளேயும் அது கூடவே வருகிறது.

ஐடாவின் படத்துக்கு மாலை போடுகிற சபைகள் முதலில் அந்தக் கல்லறைச் சுவரை இடிக்கட்டும். அரசு 1950ஆம் ஆண்டின் ஆணையைத் திருத்தட்டும். நம் பெண் பிள்ளைகளோ தயங்காமல் மருத்துவமும் செவிலியமும் படிக்கப் புறப்படட்டும். அந்தப் படிப்புக்கான வழி நம் ஊரிலிருந்துதான் தொடங்கியது.