வெள்ளித்திரையில் ஒரு சீன மங்கை

சீன மக்களின் வீரத்தைக் காட்டும் திரைப்படங்கள் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் புரூஸ் லீ. அவர் பிறப்பதற்கு முன்னரே ஒரு சீனப் பெண்மணி ஹாலிவுட்டில் புகழுடன் விளங்கினார் என்பதை நம்மில் பலர் அறியோம். அவர்தான் அன்னா மே வாங்.

அவர் 1905-ஆம் ஆண்டு ஜனவரி 3-ஆம் நாள் அமெரிக்காவிலுள்ள லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வாங் லியு சாங். தந்தை சலவைக்கடை வைத்திருந்தார். முதலில் படித்த பள்ளியில் மற்றப் பிள்ளைகள் இவருடைய சடையைப் பிடித்திழுத்துக் கேலி செய்தபடியால், தந்தை இவரையும் அக்காளையும் சீனப் பிள்ளைகளுக்கான மிஷன் பள்ளியில் சேர்த்தார். வெளுத்த துணிகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கிடைத்த சில்லறையில் சினிமா பார்ப்பார். அதற்காகப் பள்ளிக்கு மட்டம் போட்டதும் உண்டு! (இதை மட்டும் நாம் பின்பற்ற வேண்டாம்.)

1922-இல், 17 வயதில், 'தி டோல் ஆஃப் தி சீ' என்னும் வண்ணப்படத்தில் கதாநாயகியானார். 1924-இல் வெளிவந்த 'தி தீஃப் ஆஃப் பாக்தாத்' இவரை உலகறியச் செய்தது. ஆனால் கிடைத்த வேடங்கள் எப்படிப்பட்டவை? வஞ்சகம் செய்யும் அடிமைப்பெண், அல்லது வெள்ளையனால் கைவிடப்பட்டு உயிர்விடும் பேதை. வெள்ளைக்கார நாயகனைச் சீனப் பெண் மணந்து வாழ்வதாகக் காட்ட ஹாலிவுட் விரும்பாததால், பல படங்களின் முடிவில் இவர் சாக வேண்டியதாயிற்று. மனம் கசந்து 1928-இல் ஐரோப்பா சென்றார். ஜெர்மன் மொழி கற்று அங்கும் நடித்துப் பெயர் பெற்றார். அமெரிக்காவிலேயே பிறந்த இவர், சீன வம்சத்தவர் என்பதற்காக, வெளிநாடு சென்று திரும்பத் தனியாக விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டியிருந்தது. சீனர் குடியேற்றத்தைத் தடுத்த 1882-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விளைவு அது.

பெர்ல் பக் அம்மையார் எழுதிய 'தி குட் எர்த்' நாவல் படமாக்கப்பட்டபோதுதான் பேரிடி விழுந்தது. மிஷனரிமாரின் மகளாகச் சீனாவில் வளர்ந்த அம்மையார், ஓ-லான் என்னும் ஏழை உழவனின் மனைவியைப் படைத்திருந்தார். பஞ்சத்திலும் குடும்பத்தைத் தாங்கும் அவளுடைய பொறுமை, வாளேந்தாத வீரம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அவ்வேடம் தமக்கே கிடைக்கும் என்று அன்னா மே நம்பினார். கணவனாக நடிக்க வெள்ளையரான பால் முனியைத் தேர்ந்தெடுத்துவிட்டதால், மனைவி வேடமும் வெள்ளையரான லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று. முகத்தில் ஒப்பனை பூசிச் சீனப் பெண்ணாக நடித்த ரெய்னர் ஆஸ்கார் பரிசும் பெற்றார். அன்னா மேக்குத் தர முன்வந்ததோ, குடும்பத்தைக் கெடுக்க வரும் லோட்டஸ் என்னும் வேடம். அவர் அதை மறுத்துவிட்டார். மறுத்தது சரியே என்போம்.

1936-இல் மூதாதையர் நாட்டைக் காணச் சென்றார். அங்கேயாவது ஆறுதல் கிடைத்ததா? சீனரை இழிவுபடுத்தும் வேடங்களில் நடித்தவர் என்று பத்திரிகைகள் சாடின. வீட்டில் பேசிய தென்சீனப் பேச்சு வடக்கே உதவாததால், பீகிங்கில் ஆசிரியர் வைத்து மொழி பயின்றார். அமெரிக்காவில் சீனர், சீனாவில் அமெரிக்கர்! இருபுறமும் அந்நியராக நிற்பது எவ்வளவு வேதனை!

மறு ஆண்டு ஜப்பான் சீனாவின்மீது படையெடுத்தது. தம்மை ஏசிய நாடாயிற்றே என்று அவர் வாளாவிருக்கவில்லை. திரைப்பட உடைகளை ஏலத்தில் விற்றுச் சீன நிவாரணத்திற்கு வழங்கினார். 1942-இல் 'லேடி ஃப்ரம் சுங்கிங்' என்ற படத்தில் ஜப்பானியரை எதிர்க்கும் கொரில்லாத் தலைவியாக நடித்தார். குறைந்த செலவில் அவசரமாக எடுத்த படந்தான். அதிலும் இறுதியில் சாகிறார். ஆனால் இம்முறை தன் மக்களுக்காகத் துப்பாக்கி முன் நின்று சாகிறார். அதற்குக் கிடைத்த ஊதியத்தையும் நிவாரண நிதிக்கே கொடுத்துவிட்டார்.

1961 பிப்ரவரி 3-ஆம் நாள், 56-ஆம் வயதில், மாரடைப்பால் காலமானார். அமெரிக்க அரசு 2022-இல் இவருடைய முகம் பொறித்த 25 சென்ட் நாணயத்தை வெளியிட்டது. இறக்கும்போது 'ஃபிளவர் டிரம் சாங்' படத்தில் நடிக்க ஒப்பந்தமாகியிருந்தார். பெரும்பாலும் ஆசிய வம்சத்தவரே நடித்த படம் அது.