விருதுநகர் வீட்டில் காத்திருந்த தாய்

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்களுக்கு மாதத்தின் முதல் வாரம் வந்தால் ஊரில் இருக்கும் தாய் தந்தையரின் நினைவு தானாக வரும். சம்பளம் கைக்கு வந்ததும் அவர்களுக்கென்று ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றச் செலவு. முதலமைச்சராக இருந்த காலத்திலும் அப்படியே மாதாமாதம் தாய்க்குப் பணம் அனுப்பி வந்தவர் பெருந்தலைவர் காமராஜர். அந்தத் தாயின் முதுமைக் காலத்தையும், நாதியற்ற முதியோருக்காக அவர் ஆட்சி செய்த ஏற்பாட்டையும் சேர்த்துப் பார்த்தால் அவரை இன்னும் நன்றாகப் புரிந்துகொள்ளலாம்.

நகையை விற்ற தாய்

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி விருதுநகரில் பிறந்தார். அப்போது அந்த ஊருக்கு விருதுபட்டி என்று பெயர். தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. தாய் சிவகாமி அம்மாள்.

பிள்ளைக்கு ஆறு வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். சிறிது காலத்தில் தாத்தாவும் போய்விட்டார். வீட்டில் மிஞ்சியவர்கள் பாட்டி பார்வதி அம்மாள், தாய், காமராஜர், தங்கை நாகம்மாள். சம்பாதிக்க ஆண் துணை இல்லை. சிவகாமி அம்மாள் தம் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் கொடுத்து வைத்தார். மாதம் வரும் வட்டியில் குடும்பம் நடந்தது.

படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார் காமராஜர். ஆனால் மனம் கடையில் இல்லை. கூட்டம், ஊர்வலம் என்று போய்விடுவார். பையன் கெட்டுப் போகிறான் என்று பயந்த உறவினர்கள், அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பி வைத்தார்கள். ஆக, வேலைக்காக வெளியூர் போய் இருந்த அனுபவம் அவருக்கும் உண்டு. அங்கே போயும் அரசியல் விடவில்லை. ஊருக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

சிறைக்கு வெளியே பாட்டி

1930-ல் உப்பு சத்தியாக்கிரகத்தில் கைதாகிக் கல்கத்தா அலிப்பூர் சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்த நேரத்தில் வளர்த்த பாட்டி படுத்த படுக்கையானார். பேரனைப் பார்க்க ஏங்கினார். பரோலில் அழைத்து வர வேண்டியவர்கள் முயன்றார்கள், காமராஜர் இணங்கவில்லை. 1931-ல் காந்தி-இர்வின் ஒப்பந்தத்தின்படி விடுதலையாகி வந்த பிறகுதான் பாட்டியின் முகத்தைப் பார்த்தார்.

அதன் பிறகும் பல முறை சிறை. மொத்தம் சுமார் 3,000 நாட்கள் அவர் சிறையில் கழித்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. மகன் குடும்பம் என்று ஒன்றைப் பார்க்கும் பாக்கியம் சிவகாமி அம்மாளுக்குக் கிடைக்கவில்லை.

மாதம் 120 ரூபாய்

1954 ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதலமைச்சர் ஆனார். தாய்க்கு வயதாகிவிட்டது. மகன் சென்னையில், தாய் விருதுநகரில். தாயைத் தம்முடன் அழைத்து வைத்துக்கொள்ள அவர் முன்வரவில்லை. தாய் வந்தால் உறவினர் வருவார்கள், உறவினர் வந்தால் சிபாரிசு வரும் என்பது அவர் கவலை.

ஊரறிந்த கணக்குப்படி, மாதம் 120 ரூபாய் தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. முதலமைச்சரின் தாயைப் பார்க்க வருகிறவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டியிருக்கிறது, 150 ரூபாயாக அனுப்பக் கூடாதா என்று தாய் கேட்டனுப்பியதாகவும், மகன் மறுத்துவிட்டதாகவும் சொல்வார்கள். வீட்டுக்குத் தனியாகப் போட்டுக் கொடுத்த குடிநீர்க் குழாயையும் அவர் எடுக்கச் சொல்லிவிட்டார் என்பது விருதுநகரில் தலைமுறைகளாகப் பேசப்படும் செய்தி.

இது பொது வாழ்வின் தூய்மைக்கு எடுத்துக்காட்டு என்று மேடைகளில் புகழப்படுகிறது. புகழ் நியாயமானதே. ஆனால் அந்தத் தூய்மைக்கு விலை கொடுத்தவர்களில் அந்தத் தாயும் ஒருவர். நகையை விற்று வளர்த்த பிள்ளை நாட்டையே ஆள, அவர் பழைய வீட்டில் மகனின் வருகையை எதிர்பார்த்து இருந்தார். காமராஜர் மறைவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அவர் காலமாகிவிட்டார்.

தபால்காரர் கொண்டு வந்த 20 ரூபாய்

பணம் அனுப்ப ஒரு மகனாவது இருந்தவர் சிவகாமி அம்மாள். மகனும் இல்லாமல், நிலமும் இல்லாமல், உழைக்கத் தெம்பும் இல்லாமல் கிராமங்களில் இருந்த முதியவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு அதுவரை கோயில் வாசலும் அடுத்த வீட்டுக் கஞ்சியும்தான் கதி.

1962-ல் காமராஜர் ஆட்சியில் முதியோர் உதவித் தொகைத் திட்டம் சென்னை மாநிலத்தில் தொடங்கியது. ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய். இந்தியாவில் இது முதல் திட்டம் அல்ல. உத்தரப் பிரதேசம் 1957-லேயே இப்படி ஒன்றைத் தொடங்கியிருந்தது. ஆனாலும் தமிழ்நாட்டு ஏழை முதியவருக்கு அரசாங்கத்திடமிருந்து மாதாமாதம் பணம் வரத் தொடங்கியது அப்போதுதான்.

பல ஆண்டுகள் இந்தப் பணம் மணியார்டராகவே வந்தது. தபால்காரர் வீடு தேடி வந்து, கைநாட்டு வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போவார். யாரும் கடிதம் போடாத கிழவியின் பெயரையும் தெருவில் கூப்பிட ஒரு ஆள் வந்தார். கைச்செலவுக்குக் காசு இருந்ததால், ஒட்டுத் திண்ணையில் இடம் கொடுத்தவர்களும் கொஞ்சம் மரியாதையாக நடத்தினார்கள்.

பிறகு வந்த ஆட்சிகள் தொகையைப் படிப்படியாகக் கூட்டின. 1995-ல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் முதியோர் ஓய்வூதியத் திட்டம் கொண்டு வந்தது. தமிழ்நாட்டில் 2011-ல் 1,000 ரூபாயாகவும், 2023-ல் 1,200 ரூபாயாகவும் தொகை உயர்ந்தது. பெற்றோரைக் கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புத் தொகை பெறுவதற்கு 2007-ல் தனிச் சட்டமே வந்தது.

வாடகை வீட்டில் முடிவு

1963 அக்டோபர் 2-ந் தேதி காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகிக் கட்சிப் பணிக்குப் போனார். 1975-ல் அதே அக்டோபர் 2-ந் தேதி, சென்னை திருமலைப் பிள்ளை சாலையில் உள்ள வாடகை வீட்டில் உயிர் நீத்தார். சொந்த வீடில்லை, நிலமில்லை. அவர் விட்டுச் சென்றது நூற்றுச் சொச்சம் ரூபாயும், சில வேட்டி சட்டைகளும், புத்தகங்களும்தான். மறு ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது.

நாட்டு வேலை என்ற காரணத்தால் காமராஜரால் தாயின் பக்கத்தில் இருக்க முடியவில்லை. வெளிமாநிலத்தில் ஆலையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்கு வயிற்றுப் பிழைப்பே காரணம். பணம் ஒழுங்காகப் போய்ச் சேருவது நல்லதுதான். ஆனால் வருடத்துக்கு ஒரு தரம் லீவு போட்டுப் போய் நான்கு நாள் தங்கிவிட்டு வருவதற்கு எந்த மணியார்டரும் ஈடாகாது. ஊரில் பிள்ளை இல்லாத பெரியப்பாவோ அத்தையோ தனியாக இருந்தால், அதே லீவில் தாலுகா அலுவலகம் வரை கூடப் போய் உதவித் தொகைக்கு மனு எழுதிக் கொடுத்துவிட்டு வரலாம். அவர்களுக்காகத்தான் அந்த 20 ரூபாய்த் திட்டம் பிறந்தது.