கடலூர் ஆஸ்பத்திரியில் ஒரு ரகசியம்

தர்மபுரியில் இருந்து சேலம் போகும் சாலையில் இருக்கிறது அதியமான்கோட்டை. அந்தப் பெயரைக் கேட்டதும் நெல்லிக்கனி நினைவுக்கு வரும். நெல்லிக்கனி என்றதும் ஔவையார் நினைவுக்கு வருவார்.

தர்மபுரியின் பழைய பெயர் தகடூர். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி, காஞ்சியில் இருந்த தொண்டைமானிடம் தூது அனுப்பினான். தூது போனவர் படைத்தலைவர் அல்ல. ஔவையார்! தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். ஔவையார் உள்ளே போனார். நெய் பூசிப் பளபளத்த வேல்களைப் பார்த்தார். அதியமானின் வேல்களோ போரில் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று நயமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

ஆயுதம் இருக்கும் இடத்துக்குப் போக ஔவையாருக்கு ஆண் வேடம் தேவைப்படவில்லை. பெண்ணுக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் வழி மறிக்கவில்லை.

பல நூற்றாண்டுகள் சென்றன. அதே தமிழ் மண்ணில், கடலூர்க் கடற்கரையில், இன்னொரு பெண் வந்து இறங்கினாள். அவள் கையிலே துப்பாக்கி இருந்தது. உடம்பிலே சிப்பாய் உடை இருந்தது. அவள் பெண் என்பது கூட வந்த ஒருவருக்கும் தெரியாது. போரிலே குண்டு பாய்ந்தது. அந்தக் காயத்தை டாக்டரிடம் காட்டக்கூட அவளால் முடியவில்லை.

அவள் பெயர் ஹன்னா ஸ்னெல்.

சாயக்காரர் மகள்

ஹன்னா 1723-ம் ஆண்டு இங்கிலாந்தில் உஸ்டர் என்ற ஊரில் பிறந்தாள். தந்தை துணிக்குச் சாயம் போடுகிறவர். தாயும் தந்தையும் இறந்த பிறகு, அவள் லண்டனுக்கு வந்து அக்காள் வீட்டில் தங்கினாள். அக்காள் கணவர் பெயர் ஜேம்ஸ் கிரே. அவர் தச்சுவேலை செய்தவர்.

1744-ம் ஆண்டில் ஹன்னாவுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை ஒரு டச்சு மாலுமி. பிறகு, கர்ப்பமாக இருந்த மனைவியை விட்டு அவன் ஓடிப்போனான். ஹன்னாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையும் சில மாதங்களே உயிரோடு இருந்தது.

கணவனும் இல்லை. குழந்தையும் இல்லை. கையில் காசும் இல்லை. ஓடிப்போனவனைத் தேடிக் கண்டுபிடிக்க ஹன்னா தீர்மானித்தாள்.

ஆனால் எப்படிப் போவது? அந்தக் காலத்தில் தனியாக ஊர் சுற்றும் பெண்ணுக்குச் சத்திரத்தில் இடம் கிடைப்பது அரிது. கப்பலில் வேலை கிடைக்காது. பட்டாளத்தில் சேர முடியாது. சாலையும் சத்திரமும் கப்பலும் ஆண்களுக்கே என்று வைத்திருந்தார்கள்.

ஹன்னா அக்காள் கணவரின் உடையை எடுத்து அணிந்தாள். அவர் பெயரையும் எடுத்துக் கொண்டாள். ஹன்னா மறைந்தாள். ஜேம்ஸ் கிரே என்ற இளைஞன் சாலையில் நடந்தான்.

கப்பலில் ஒரு சிப்பாய்

1747-ம் ஆண்டு போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் ஜேம்ஸ் கிரே கடற்படைச் சிப்பாயாகச் சேர்ந்தான். அவனை ஏற்றிக் கொண்டு போன கப்பலின் பெயர் 'ஸ்வாலோ'. அதாவது, தகைவிலான் குருவி.

அது சிறிய கப்பல். தனி அறை கிடையாது. மறைவான இடம் கிடையாது. ஆண்கள் தோளோடு தோள் உரசப் படுத்துத் தூங்குவார்கள். அங்கே ஒரு நாள் ரகசியத்தைக் காப்பதே கஷ்டம். ஹன்னா அதை மாதக்கணக்கில் காத்தாள். இரவிலும் உடை மாற்றவில்லை. மற்றவர் எதிரில் குளிக்கவில்லை. ஒவ்வொரு காலைக்கடனும் அவளுக்கு ஒரு கண்டம்!

தாடி மீசை முளைக்காததைக் கண்டு, மாலுமிகள் அவளுக்குப் பெண் பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அவள் அழவில்லை. கோபிக்கவும் இல்லை. அவர்களோடு சேர்ந்து சிரித்தாள், ஆடினாள், பாடினாள். கேலி மெல்ல மெல்ல நின்றது. நல்ல தோழன் என்ற பெயர் கிடைத்தது.

புதுச்சேரி முற்றுகை

அப்பொழுது தமிழ்நாட்டில் இங்கிலீஷ்காரருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் போர் நடந்து கொண்டிருந்தது. 1746-ம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னைக் கோட்டையைப் பிடித்து விட்டார்கள். அதற்குப் பழிவாங்க இங்கிலாந்து பெரிய கப்பல் படையை அனுப்பியது. தளபதி பாஸ்கவன் அதற்குத் தலைவர். 'ஸ்வாலோ' அந்தப் படையைச் சேர்ந்தது.

1748-ம் ஆண்டு, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் படை இறங்கியது. அங்கே இருந்த செயின்ட் டேவிட் கோட்டை இங்கிலீஷ்காரர் கையில் இருந்தது. அங்கிருந்து புதுச்சேரியை நோக்கிப் படை புறப்பட்டது. வழியில் இருந்த அரியாங்குப்பம் கோட்டையைப் பிடிக்கவே பல நாள் போராட வேண்டியிருந்தது.

பிறகு புதுச்சேரியை முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர் சாமானியரா? கவர்னர் டூப்ளே! அவர் அசையவில்லை. சிப்பாய் ஜேம்ஸ் கிரே பதுங்கு குழி வெட்டினான். மார்பளவு தண்ணீரில் ஆற்றைக் கடந்தான். துப்பாக்கி பிடித்துச் சுட்டான். ஹன்னாவின் கதையைச் சொல்லி 1750-ம் ஆண்டில் வெளிவந்த புத்தகம் இவற்றையெல்லாம் விவரமாகக் கூறுகிறது. புத்தகம் விற்க வேண்டுமே என்று சில இடங்களில் மெருகு ஏற்றியிருக்கிறார்கள் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. ஆனாலும் அவள் சிப்பாயாக இருந்ததும், புதுச்சேரியில் காயம் பட்டதும் அரசாங்க ஏடுகளில் பதிவான உண்மைகள்.

மழைக்காலம் நெருங்கியது. நோய் பரவியது. அக்டோபர் மாதம் பாஸ்கவன் முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அவர் பக்கத்தில் ஆயிரம் பேருக்கு மேல் மாண்டு போனார்கள்.

காயம் பட்டவர்களைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தார்கள். அவர்களில் ஜேம்ஸ் கிரேயும் ஒருவன்.

விரலால் எடுத்த குண்டு

இரண்டு கால்களிலும் காயங்கள். அவற்றை டாக்டர்கள் பார்த்தார்கள். கழுவி மருந்து வைத்துக் கட்டினார்கள்.

ஆனால் அவர்கள் பார்க்காத காயம் ஒன்று இருந்தது. தொடைக்கும் அடிவயிற்றுக்கும் இடையே ஒரு குண்டு புதைந்திருந்தது. எல்லாக் காயங்களிலும் அதுவே ஆபத்தானது.

அதைக் காட்டினால் என்ன ஆகும்? உடையை விலக்க வேண்டும். விலக்கினால் உண்மை தெரிந்து விடும். அது சிப்பாய்களுக்கான ஆஸ்பத்திரி. சிப்பாய் என்றால் ஆண். பெண் என்று தெரிந்தால் வேலை போகும், சம்பளம் போகும், சோறும் போகும். சொந்த ஊரோ கடல் கடந்து, பல மாதப் பயணத்தில் இருக்கிறது.

காட்டாவிட்டால் என்ன ஆகும்? குண்டு உள்ளேயே இருக்கும். புண் அழுகும். உயிர் போகும்.

ஹன்னா காட்டவில்லை. வலியை இரண்டு நாள் பல்லைக் கடித்துப் பொறுத்தாள். பிறகு யாரும் பார்க்காத நேரத்தில், தன் கை விரல்களையே காயத்துக்குள் விட்டாள். தடவித் தேடினாள். குண்டைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தாள். மயக்க மருந்து கண்டுபிடிக்காத காலம் அது. கத்திக் கதறவும் வழியில்லை. கதறினால் டாக்டர் வந்து விடுவாரே!

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த உள்ளூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹன்னா அவளிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அவள் களிம்பும் துணியும் கொண்டுவந்து ரகசியமாகக் கொடுத்தாள். காயம் ஆறியது. அவள் கடைசி வரையில் யாரிடமும் வாய் திறக்கவில்லை. சீமைச் சிப்பாயின் உயிரைக் காத்த அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

திகைத்த தோழர்கள்

குணமான ஹன்னா மீண்டும் கப்பல் ஏறினாள். திரும்பும் வழியில் லிஸ்பன் நகரில், அவள் தேடிய கணவனைப் பற்றிய செய்தி கிடைத்தது. கொலைக் குற்றத்துக்காக இத்தாலியில் அவனுக்கு மரண தண்டனை கொடுத்து விட்டார்களாம். எவனைத் தேடிப் புறப்பட்டாளோ அவன் இல்லை.

1750-ம் ஆண்டு கோடையில் லண்டன் வந்து சேர்ந்தாள். பாக்கிச் சம்பளத்தை வாங்கினாள். தோழர்கள் கூடியிருந்த இடத்தில், தான் ஒரு பெண் என்று சொன்னாள்.

எல்லோரும் திகைத்துப் போனார்கள். பக்கத்தில் படுத்தவன், ஒரே தட்டில் தின்றவன், ஒரே குழியில் நின்று சுட்டவன் பெண்ணா! ஆனால் அவர்கள் அவளை வெறுக்கவில்லை. ராணுவத் தலைவரான கம்பர்லண்ட் கோமகனிடம் உதவி கேட்டு மனுக் கொடுக்கும்படி யோசனை சொன்னார்கள்.

ஹன்னா மனுக் கொடுத்தாள். அதே ஆண்டு நவம்பரில் ஓய்வூதியம் கிடைத்தது. செல்சீ என்ற இடத்தில் பழைய சிப்பாய்களுக்காக அரசாங்கம் நடத்தும் பெரிய இல்லம் இருக்கிறது. அதன் ஏட்டில், புதுச்சேரியில் இரு தொடைகளிலும் காயம் பட்டவள் என்று அவளைப் பற்றி எழுதினார்கள். ஆண்கள் பெயரே நிறைந்த அந்த ஏட்டில் இடம் பெற்ற மிகச் சில பெண்களில் அவள் ஒருத்தி.

அவள் புகழ் பரவியது. சிப்பாய் உடையுடன் நாடக மேடையில் தோன்றிப் பாடினாள். துப்பாக்கிப் பயிற்சி செய்து காட்டினாள். கூட்டம் அலைமோதியது. அவள் படம் அச்சாகி விற்றது. 1759-ம் ஆண்டில் மறுமணம் செய்து கொண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தாள்.

முதுமையில் அவள் புத்தி கலங்கியது. 1791-ம் ஆண்டு லண்டன் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 1792-ம் ஆண்டு பிப்ரவரி 8-ந்தேதி அங்கேயே இறந்தாள். வயது 68. செல்சீயில், பழைய சிப்பாய்களின் இடுகாட்டில் அவளை அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தபோது வேடம் போட்டு நுழைந்த கூட்டத்துக்குள், இறந்த பிறகு வேடம் இல்லாமல் போய்ச் சேர்ந்தாள்.

வேடம் அல்ல, வாழ்க்கை

ஹன்னா சில ஆண்டுகளே ஆணாக வாழ்ந்தாள். பிறகு பெண்ணாகவே திரும்பினாள். வாழ்நாள் முழுவதும் திரும்பாதவர்களும் உண்டு.

டாக்டர் ஜேம்ஸ் பாரி அப்படிப்பட்டவர். அயர்லாந்தில் பெண்ணாகப் பிறந்தவர். 1809-ம் ஆண்டில் ஆண் உடையில் எடின்பரோ சர்வகலாசாலையில் சேர்ந்து, 1812-ல் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அங்கே பெண்களைச் சேர்த்துக் கொள்வதில்லை. ராணுவ டாக்டராகிப் பெரிய பதவிக்கு உயர்ந்தார். 1826-ம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில், ஒரு தாயின் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்து இருவரையும் பிழைக்க வைத்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆணாகவே வாழ்ந்து, 1865-ம் ஆண்டில் இறந்தார். உடலைக் கழுவ வந்த பெண் சொல்லித்தான் உலகத்துக்கு விஷயம் தெரிந்தது.

ஹன்னாவுக்கு அது வேடம். பாரிக்கு அதுவே வாழ்க்கை. திருநங்கையருக்கும் திருநம்பியருக்கும்கூட அது வேடம் அல்ல. அவர்கள் மனத்தில் உணர்கிற வாழ்க்கை அது. பிறந்தபோது பிறர் சொன்ன பால் ஒன்று. தாங்கள் உணர்கிற பால் வேறொன்று.

இரண்டு கதவுகள்

பஸ் நிலையத்துக் கழிப்பறையில் இரண்டு கதவுகள் இருக்கின்றன. ஒன்றில் ஆண் படம். இன்னொன்றில் பெண் படம். ஆஸ்பத்திரியிலும் அப்படியே இரண்டு வார்டுகள். திருநங்கை எந்தக் கதவில் நுழைவார்? ஆண்கள் பக்கம் போனால் கேலி, தொல்லை. பெண்கள் பக்கம் போனால் கூச்சல், விரட்டல். இதற்குப் பயந்து நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருப்பவர்கள் உண்டு. நோயை மறைத்துக் கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பவர்களும் உண்டு.

இந்தக் குறையைப் போக்கச் சட்டம் வந்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 2008-ம் ஆண்டில் திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டு பெரிய தீர்ப்பு ஒன்றை அளித்தது. ஆண், பெண் என்பதோடு மூன்றாம் பாலினத்தையும் அது ஏற்றுக் கொண்டது. ஆஸ்பத்திரிகளில் அவர்களுக்குத் தக்க வைத்தியம் கிடைக்க வேண்டும், பொது இடங்களில் தனிக் கழிப்பறை வசதி செய்ய வேண்டும் என்று அரசாங்கங்களுக்கு உத்தரவிட்டது. 2019-ம் ஆண்டில் பார்லிமெண்டு நிறைவேற்றிய சட்டம், வைத்தியத்திலும் பொது வசதிகளிலும் அவர்களை ஒதுக்குவது கூடாது என்று சொல்கிறது.

சட்டம் கதவைத் திறக்கச் சொல்கிறது. கதவருகே நிற்கும் மனிதர்கள்தான் வழிவிட வேண்டும்.

கடலூர் ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். மருந்தும் இருந்தது. ஆனாலும் ஹன்னா நம்பியது, பணிவிடை செய்த ஒரு பெண்ணைத்தான். அந்தப் பெண் ஏட்டுப் படிப்பு எவ்வளவு படித்தவளோ, படியாதவளோ! ஒன்று மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது. காயத்தோடு வந்தவரிடம் முதலில் கேட்க வேண்டியது, நீ ஆணா பெண்ணா என்பது அல்ல. எங்கே வலிக்கிறது என்பதே.