ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் குடிமரபு

நாவலரவர்கள் சரித்திரத்தை மாணாக்கருக்குப் பாடஞ்சொல்லும் உபாத்தியாயர்கள், 1822ஆம் வருஷம் டிசம்பர் மாசம் 18ஆந் தேதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமியம்மையாருக்கும் புத்திரராய் அவர் அவதரித்தமையிலிருந்தே பெரும்பாலும் தொடங்குகின்றனர். அவருக்கு முன் அக்குடியில் விளங்கினோர் யாவரென ஒரு பிள்ளை வினாவினால் விடை கூறல் வேண்டுமன்றோ? ஆதலின் அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் தோன்றிய குடியே நாவலரவர்கள் குடியென்பது பரம்பரையாக வழங்கும் செய்தி. பறங்கியர் ஆண்ட காலத்தே, அதிகாரியின் உணவின்பொருட்டு வீட்டுக்கொரு பசு முறையே கொடுக்கவேண்டுமென்னும் கட்டளை பிறந்தது. தம் முறை வருமுன் அம்முனிவர் இரவிலே ஊரைவிட்டு நீங்கிச் சிதம்பரஞ் சேர்ந்தனரென்பர். சிவஞானசித்தியாருக்கு உரை செய்தவரும், சிதம்பரத்திலே தம் பெயரால் வழங்கும் திருக்குளத்தை அமைத்தவரும் அவரே. துறவு பூண்டவரை ஒருவருக்கு முன்னோராகக் கூறும்போது, நேர்ச்சந்ததி என்னாது, அவர் பிறந்த குடி என்று கூறுதலே பொருந்துமென்பது நம் கருத்து.

இடைப்பட்ட தலைமுறைகளை ஆராய்வார்க்கு யாழ்ப்பாணத்திலே ஒரு பெருந்தடையுண்டு. 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர், ஞானஸ்நானம் பெற்றுத் தோம்பிலே பெயர் பதியாதார்க்கு விவாகமும் முதுசொமும் உத்தியோகமும் இடர்ப்படச் செய்தனர். ஆதலால் அகத்தே சிவனை வழிபட்டோர் பலர் புறத்தே வேறு பெயர் தாங்கினர். பழைய ஏட்டிலே பாட்டன் பெயர் கிறிஸ்துப் பெயராயிருத்தல் கண்டு எவரும் நாணவேண்டுவதில்லை. அந்த ஏடு காட்டுவது அரசினர் ஆணையையே, அவன் மனத்தையன்று. அவ்வாட்சி ஒழிந்து இருபத்தேழு வருஷங் கழித்தே நாவலரவர்கள் பிறந்தார். அக்கொடுமையை நேரிற் கண்டோர் அவர் இளமைக் காலத்தே உயிரோடிருந்தனர். யாழ்ப்பாணச் சமயநிலையை 1872இல் அவர் எழுதியபோது கொண்ட வேகத்தின் வேர் இதுவென்று நினைக்கின்றோம்.

தந்தையார் நாடகங்கள் பாடிய புலவர். ஒன்று முற்றுப்பெறுமுன் அவர் இறக்க, ஒன்பது வயசுச் சிறுவர் எஞ்சிய பாகத்தைப் பாடி முடித்தனரென்பர். தமையன்மார் இராசாங்க உத்தியோகத்தர். இவருக்கும் அவ்வழி திறந்தேயிருந்தது. வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே கற்று, அங்கேயே கற்பித்து, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைபுரிந்தவர். எனினும் 1848இல் அச்சம்பளத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். வருவாயற்ற அவ்வேலை ஒரு குடும்பத்துக்கு எத்துணைப் பாரமாயிருந்திருக்குமென்பதை, சம்பளத்தையே நம்பி வாழும் நம் உபாத்தியாயர்கள் நன்கறிவார்கள்.

அவர் விவாகஞ் செய்திலர். 1879 டிசம்பர் 5ஆந் தேதி சிவபதமடைந்தபோது புத்திரரில்லை. மருகர் பொன்னம்பலபிள்ளை அவர்பாற் கற்றுப் பெரும் வித்துவானாய் விளங்கினார். தமையனார் புத்திரர் கைலாசபிள்ளை அவர் சரித்திரத்தை எழுதி அச்சிட்டார். தாயார் பெயரும் தந்தையார் நாடகம் பாடிய செய்தியும் இன்று நம் வித்தியாசாலைகளிலே சொல்லப்படுதற்கு அந்நூல் பெரிதும் காரணமாயிற்று.