விளக்கு ஏந்திய பெண்ணைத் தெரியும்... கணக்கு எடுத்த பெண்ணைத் தெரியுமா?

மே 12 வந்தால் நம்ம வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் முழுக்க ஒரே படம்தான். தலையில் வெள்ளைத் துணி, கையில் விளக்கு, முகத்தில் கருணை. ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்தநாள், உலக செவிலியர் தினம். ஒரு ஹார்ட் போட்டுவிட்டு அடுத்த ஸ்டேட்டஸுக்குப் போய்விடுவோம்.

அந்தப் படத்தில் இருப்பவர் 90 வயது வரை வாழ்ந்தார். அதில் விளக்கோடு போர்க்கால ஆஸ்பத்திரியில் நடந்த காலம் 2 வருடம்கூட இல்லை. மிச்ச வாழ்க்கை முழுக்க ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இந்த இடத்தில் நோயாளிகளைச் சேர்க்கிறீர்களே, இங்கே வந்ததால் அவர்கள் பிழைக்கிறார்களா, சாகிறார்களா? பாட்டியைச் சேர்க்க ஒரு முதியோர் இல்லத்தைத் தேடும்போது ஸ்டார் ரேட்டிங்கையும் வாசலில் இருக்கும் பூந்தொட்டி போட்டோவையும் பார்த்து முடிவெடுக்கிறோம் இல்லையா? அவரிடம் அந்த வேலையைக் கொடுத்திருந்தால் நேராகக் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றிருப்பார்.

1820-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரத்தில் பிறந்ததால் அந்தப் பெயர். அக்கா நேப்பிள்ஸில் பிறந்ததால் அந்த ஊரின் பழைய கிரேக்கப் பெயரான பார்த்தினோப். (தங்கச்சி தப்பித்தார் என்றுதான் சொல்லணும்.) இங்கிலாந்தில் இரண்டு பெரிய வீடுகள், வேலைக்காரர்கள், விருந்துகள் என வசதியான குடும்பம். அப்பாவே உட்கார்ந்து கிரேக்கம், லத்தீன் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். பொண்ணுக்குக் கணக்கு மேல்தான் தீராத ஆசை.

25 வயதில், பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். வீட்டில் பூகம்பம். அன்றைய இங்கிலாந்தில் நர்ஸ் என்றால் குடிகாரி, நடத்தை சரியில்லாதவள் என்ற பெயர்தான் இருந்தது. அம்மாவும் அக்காவும் அழுது ஆர்ப்பாட்டம் செய்து தடுத்துவிட்டார்கள். அவர் விடவில்லை. விடியற்காலையில் எழுந்து ஆஸ்பத்திரி அறிக்கைகளை ரகசியமாகப் படித்துக் குறிப்பெடுத்தார். பல வருஷமாகக் காத்திருந்த ஒரு நல்ல வரனையும் வேண்டாம் என்றார். 1851-ல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் 3 மாதப் பயிற்சி. அதுதான் அவர் பெற்ற முறையான படிப்பு.

33 வயதில் முதல் வேலை. இந்தக் கதையை ஏனோ யாரும் ஸ்டேட்டஸில் வைப்பதில்லை. லண்டன் ஹார்லி ஸ்ட்ரீட்டில், வசதி இழந்த நடுத்தரக் குடும்பத்துப் பெண்களுக்கான ஒரு சின்ன நர்ஸிங் ஹோம். அதற்கு மேற்பார்வையாளர். சம்பளம் கிடையாது. அப்பா வருஷத்துக்கு 500 பவுண்டு கொடுத்தார்.

சேருவதற்கு முன்பே கண்டிஷன் போட்டார். எல்லா மாடிக்கும் குழாயில் வெந்நீர் வரணும். சாப்பாடு மேலே போக ஒரு லிஃப்ட் வேணும். நோயாளி மணி அடித்தால் யார் அடித்தார் என்று தெரியணும், அந்த அடையாளம் நர்ஸ் வந்து பார்க்கும்வரை மறையக் கூடாது. இதெல்லாம் ஏன்? நர்ஸின் நேரம் படியேறுவதில் போனால், நோயாளியைப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்? 1853-லேயே இப்படி யோசித்திருக்கிறார். இன்றைக்கு எத்தனை இடங்களில் காலிங் பெல் வெறும் அலங்காரமாகக் கட்டிலில் தொங்குகிறது என்று பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உள்ளே போனதும் அலமாரி, சமையலறை, கணக்குப் புத்தகம் என எல்லாவற்றையும் திறந்து பார்த்தார். மளிகையைச் சில்லறையாக வாங்குவதை நிறுத்தி மொத்தமாக வாங்கினார். ஜாமை வீட்டிலேயே செய்ய வைத்தார். நிர்வாகக் குழுவுக்கு 3 மாதத்துக்கு ஒரு அறிக்கை. அந்தக் குழுவோடு ஒரு பெரிய சண்டையும் உண்டு. இங்கிலாந்து திருச்சபையைச் சேர்ந்தவர்களை மட்டும்தான் சேர்ப்போம் என்றார்கள். கத்தோலிக்கர், யூதர் உட்பட யார் வந்தாலும் சேர்க்க வேண்டும், அவரவர் மதகுரு வந்து பார்க்கவும் விட வேண்டும், இல்லையென்றால் நான் வரமாட்டேன் என்றார். குழு இறங்கி வந்தது. அந்தக் குழுவின் தலைவி லேடி கேனிங் பின்னாளில் கவர்னர் ஜெனரலின் மனைவியாக இந்தியாவுக்கு வந்தவர். வங்காளத்தில் லெடிகேனி என்று ஒரு ஸ்வீட் இருக்கே, அது இவர் பெயரில் வந்தது என்பார்கள்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. 1854 நவம்பரில் 38 நர்ஸ்களோடு இஸ்தான்புல் பக்கத்தில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்குப் போனார். கிரிமியப் போரில் இருந்து கப்பல் கப்பலாக வீரர்கள் வந்தார்கள். அழுக்கு, பேன், வயிற்றுப்போக்கு. சட்டை இல்லை, தட்டு இல்லை, துடைக்கத் துணி இல்லை. துணி துவைக்க ஏற்பாடு செய்தார், நோயாளிகளுக்குத் தனிச் சமையல் வைத்தார், தேய்க்க பிரஷ் வாங்கினார், இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். லண்டன் பத்திரிகைகள் அவரைத் தேவதை ஆக்கின.

ஆனால் சாவு குறையவில்லை. கூடிக்கொண்டே போனது. 1855 பிப்ரவரியில் சிகிச்சைக்கு வந்தவர்களில் 100-க்கு 42 பேர் இறந்தார்கள். மார்ச்சில் லண்டனில் இருந்து ஒரு சுகாதாரக் குழு வந்து தோண்டிப் பார்த்தது. கட்டடத்துக்கு அடியிலேயே அடைபட்ட சாக்கடை. தண்ணீர் வரும் கால்வாயில் செத்த குதிரை. சாக்கடையைக் கழுவி விட்டு, குப்பையை அள்ளி, காற்று வர வழி செய்தார்கள். ஜூனில் அந்தக் கணக்கு 100-க்கு 2 ஆனது.

போர் நடந்தபோது, வீரர்கள் சரியான சாப்பாடு இல்லாமல், சாகும் நிலையில் வருவதால்தான் பிழைக்கவில்லை என்று அவர் நினைத்திருந்தார். 1856-ல் ஊர் திரும்பியபோது நாடே கொண்டாடத் தயாராக இருந்தது. அவர் கூட்டத்துக்கே வராமல், சத்தம் இல்லாமல் வீடு போய்ச் சேர்ந்தார். பிறகு வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து சாவுக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். குண்டடியில் செத்தவர்களைவிட, தடுத்திருக்கக்கூடிய நோயில் செத்தவர்கள் பல மடங்கு. அதிலும் அந்த முதல் குளிர்காலத்தில் ஸ்குட்டாரி ஒரு மரணக் கிடங்காகவே இருந்திருக்கிறது. தன் விளக்கு எரிந்த அதே கட்டடம்!

இந்த இடம்தான் எனக்கு அவருடைய வாழ்க்கையிலேயே முக்கியமானதாகப் படுகிறது. நாடே கையெடுத்துக் கும்பிடுகிறது. கம்முனு இருந்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் அந்த எண்களை எடுத்து அறிக்கையாக எழுதி, சொந்தமாக அச்சடித்து, அதிகாரத்தில் இருந்தவர்களுக்கு அனுப்பினார். எம்.பி-க்கள் அட்டவணையைப் படிக்க மாட்டார்கள் என்று தெரிந்து, வட்டமாக ஒரு வண்ணப் படம் வரைந்தார். நோய்ச் சாவுக்கு நீலம், காயத்துக்குச் சிவப்பு, மற்றவைக்குக் கறுப்பு. நீலம் மட்டும் பூதாகரமாக விரிந்து நிற்கும். இன்றைய இன்ஃபோகிராஃபிக்குக்கு அதுதான் கொள்ளுப்பாட்டி. லண்டன் புள்ளியியல் சங்கம் சேர்த்துக்கொண்ட முதல் பெண்ணும் இவர்தான்.

அதன்பிறகு பாதி வாழ்க்கை படுக்கையில். கிரிமியாவில் தொற்றிய காய்ச்சல் விடவே இல்லை. பூனைகள் சூழ, கட்டிலில் இருந்தே எழுதித் தள்ளினார். 1859-ல் வந்த ஆஸ்பத்திரிகள் பற்றிய புத்தகத்தில், நோயாளிக்குக் கெடுதல் செய்யாமல் இருப்பதுதான் ஆஸ்பத்திரியின் முதல் கடமை என்று தொடங்கினார். நர்ஸிங் பற்றிய புத்தகம் வீட்டில் இருக்கும் சாதாரணப் பெண்களுக்காக எழுதியது. அதில் அவர் பார்க்கச் சொல்வதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அறைக்குள் வெளிக்காற்று வருகிறதா? வெளிச்சம் இருக்கிறதா? சாப்பாட்டுத் தட்டு தொடாமலே திரும்பிப் போகிறதா, அதை யாராவது கவனிக்கிறார்களா? பொறுப்பானவர் வெளியே போனால் அவர் வேலை அப்படியே நடக்கிறதா? நோயாளிக்குப் படுக்கைப் புண் வந்தால் பெரும்பாலும் அது நோயின் தப்பு இல்லை, பராமரிப்பின் தப்பு என்கிறார். இந்தக் கடைசி வரி ஒன்று போதும், எந்த முதியோர் இல்லத்தையும் எடைபோட.

அந்தப் புண் வெறும் புத்தக விஷயமாக நிற்கவில்லை. அன்று லண்டனில் வயதான ஏழைகள் போய்ச் சேர்ந்த இடம் ஒர்க்ஹவுஸ். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டதும் பயிற்சி இல்லாத இன்னொரு ஏழைதான். ஹோல்போர்ன் ஒர்க்ஹவுஸில் கவனிப்பார் இல்லாமல் கிடந்த டிமோத்தி டேலி என்ற தொழிலாளி 1864 டிசம்பரில் இறந்தார். பத்திரிகைகள் கொதித்தன. நைட்டிங்கேல் அந்தச் சூட்டோடு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஓர் அரசு ஆய்வாளரோடு சேர்ந்து கேள்விப் படிவம் தயாரித்து லண்டன் ஒர்க்ஹவுஸ்களுக்கு அனுப்ப வைத்தார். 1867-ல் சட்டம் வந்தது. அவர் கேட்டதெல்லாம் அதில் இல்லை, ஆனாலும் ஏழை நோயாளிகளுக்குத் தனி ஆஸ்பத்திரிகள் என்ற பாதை திறந்தது. லிவர்பூல் ஒர்க்ஹவுஸுக்கு அவர் அனுப்பிய ஆக்னஸ் ஜோன்ஸ், 3 வருடத்தில் டைஃபஸ் தொற்றி 35 வயதில் இறந்துபோனார்.

இன்னொரு அடியும் விழுந்தது. கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் அவருடைய நிதியில் நடந்த பிரசவ வார்டில், தாய்மார்கள் பிரசவக் காய்ச்சலில் இறக்கத் தொடங்கினார்கள். 1867-ல் வார்டு மூடப்பட்டது. அவர் மறுபடி எண்களைத் தேடினார். பல ஊர்களின் கணக்கைச் சேர்த்துப் பார்த்ததில், அந்தக் காலத்தில் வீட்டுப் பிரசவத்தைவிட ஆஸ்பத்திரிப் பிரசவமே ஆபத்தாக இருந்தது தெரிந்தது. 1871-ல் அதையும் புத்தகமாகப் போட்டார்.

இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. ஆனால் வங்காளம், பம்பாய், சென்னை என 3 மாகாணங்களின் ராணுவ முகாம்களுக்கும் கேள்வித்தாள் போனது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, எத்தனை பேர் இறந்தார்கள்? பதில்கள் மலையாகக் குவிந்தன. இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் வீரர்களில் வருஷத்துக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். 1870-களின் தொடக்கத்தில் அது 18 ஆனது. முகாமைச் சுத்தம் செய்தால் மட்டும் போதாது, சுற்றி இருக்கும் ஊர்களும் சுத்தமாகணும் என்று வைஸ்ராய்களுக்கு எழுதி எழுதியே தொல்லை கொடுத்தார்.

கடைசி வருடங்களில் கண்பார்வை போனது, ஞாபகமும் மங்கியது. 1907-ல் ஆர்டர் ஆஃப் மெரிட் விருது, அதைப் பெற்ற முதல் பெண். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள், அவருக்கு அது என்னவென்று சரியாகப் புரியவில்லை. 1910 ஆகஸ்ட் 13-ல் லண்டன் வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இடம் தருகிறோம் என்றார்கள், குடும்பம் மறுத்துவிட்டது. ஊர் சர்ச்சில் இருக்கும் கல்லறையில் அவருக்கென்று இரண்டு எழுத்தும், பிறப்பு இறப்பு விவரமும்தான் இருக்கின்றன.

அந்த முதுமையில் அவரைப் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருந்தார். ராத்திரி போர்வை போர்த்திவிட்டு நர்ஸ் தன் அறைக்குப் போனதும், பாட்டி மெல்ல எழுந்து பின்னாலேயே போய் அந்த நர்ஸுக்குப் போர்வை போர்த்திவிட்டு வருவாராம்.